உப்பைப் பிரித்து, உப்பைச் சேர்த்து

ஹோர்முஸ் நீரிணைக்குள் நுழையும்போது அந்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராம் உப்பு இருக்கிறது. இந்துமாக் கடலின் நீர் அது. ஈரான் கரையை ஒட்டி வடமேற்கே போய், வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு அரபுக் கரைப் பக்கம் இறங்குகிறது. வழி நெடுக வெயில் அதை உறிஞ்சுகிறது. வளைகுடாவின் சராசரி ஆழம் 35 மீட்டர்தான். வடகோடியில் ஷத்-அல்-அரபை விட்டால் சொல்லிக்கொள்ளும்படியான ஆறு வந்து கலப்பதில்லை, மழையும் பேருக்குத்தான். ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. அபுதாபி, துபாய் கரைகளை எட்டும்போது அதே நீரில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் உப்பு ஏறியிருக்கும். கோடையில் அதன் மேற்பரப்பு 34, 35 டிகிரி வரை சுடும்.

இந்த நீரில் ஒரு வாளி அளவு, துபாயில் ஒரு வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் பவளமும் கோமாளி மீனும் வாழும் நீராக மாறும் வரை போகும் பாதையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக உப்புநீர்த் தொட்டி வைத்தவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில் பாசியைக் கண்டு கலங்குகிறார்கள். தொட்டியில் தெரியும் பாசியோடு சண்டை போடுவதற்கு முன்னால், நீர் எங்கெங்கே என்னென்ன சுமந்துகொண்டு வந்தது என்று பார்ப்பது நல்லது.

துபாயின் குடிநீரில் பெரும்பங்கு ஜபல் அலியில் பிறக்கிறது. கடல்நீரை உள்ளே இழுத்து, மின்நிலையத்தின் நீராவியால் சூடாக்கி, அழுத்தம் படிப்படியாகக் குறையும் அறைகள் வழியே செலுத்துகிறார்கள். ஒவ்வோர் அறையிலும் நீரின் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்வித்தால் நன்னீர். 1950களில் குவைத்தில் வேரூன்றிய முறை இது. அதற்கு முன்பு குவைத்துக்குக் குடிநீர் ஷத்-அல்-அரபிலிருந்து பாய்மரப் படகுகளில் வந்துகொண்டிருந்தது. மெல்லிய சவ்வுகள் வழியாகக் கடல்நீரை அழுத்திப் பிழியும் ஆர்.ஓ. முறையும் இப்போது வேகமாகப் பரவிவருகிறது. எந்த முறையானாலும் மிஞ்சும் அடர்த்தியான உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது. ஏற்கெனவே உப்பு மிகுந்த கடலுக்கு இது கூடுதல் சுமை. வளைகுடாவில் குழாயைத் திறக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

பாசியோடு இந்த நீருக்கு முதல் சந்திப்பு நேர்வது வீட்டில் அல்ல, கடலிலேயே. 2008 ஆகஸ்ட் கடைசியில், ஓமான் வளைகுடாவைப் பார்த்த அமீரகத்தின் கிழக்குக் கரையில், திப்பா பக்கம் கடல் செம்பழுப்பாக நிறம் மாறியது. காரணம் காக்ளோடினியம் பாலிக்ரிகாய்டீஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி. டைனோஃபிளாஜெலேட் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது. பொதுவாகச் சிவப்பு அலை (ரெட் டைட்) என்று சொல்லப்படும் அந்தப் பெருக்கம், ஹோர்முஸைத் தாண்டி ராஸ் அல் கைமா, துபாய், கத்தார், ஈரான் கரை என்று பரவி, எட்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரையை அது பாதித்தது. டன் கணக்கில் மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. கிழக்குக் கரையின் பவளத் திட்டுகள் சில ஏறக்குறைய முழுதாகச் சரிந்தன. உப்புநீக்கும் ஆலைகளின் வடிகட்டிகள் அடைத்துக்கொண்டதால் சில ஆலைகளை வாரக்கணக்கில் மூடி வைக்க நேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல், ஒரு பிரதேசத்தின் குடிநீரையே மறித்துவிட்டது.

அந்த உயிரியை முதன்முதலில் விவரித்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ராமோன் மார்கலெஃப். 1961இல், கரீபியன் கடலின் புவேர்ட்டோ ரிக்கோ கரை நீரிலிருந்து. வளைகுடாவில் பெருகியது, அமெரிக்கக் கரைகளிலும் மலேசியாவிலும் காணப்படும் மரபணு வகையே என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. கப்பல்கள் எடை சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரில் அது வந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த சாத்தியங்களில் ஒன்று. அதன் பிறகு வளைகுடாவில் கட்டிய ஆர்.ஓ. ஆலைகள் பலவற்றில், நுண்ணிய காற்றுக்குமிழ்களால் பாசியை மேலே மிதக்கவிட்டு வழித்தெடுக்கும் அமைப்பைச் சேர்த்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியவில்லை. அதே 2008 செப்டம்பரில் பாம் ஜுமைராவில் அட்லாண்டிஸ் விடுதி திறந்தது, அதற்குள் 1.1 கோடி லிட்டர் உப்புநீர்த் தொட்டி. நவம்பரில் துபாய் மால் திறந்தது. அங்கே ஒரு கோடி லிட்டர் தொட்டி, 32.88 மீட்டர் அகல அக்ரிலிக் சுவர். வெளியே கடல் பாசியில் திணறிக்கொண்டிருந்த பருவத்தில்தான் உள்ளே இரண்டு புதிய கடல்களை மனிதர்கள் தெளிவாக வைத்திருக்கப் பாடுபட்டார்கள். அந்தப் பெருந்தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் கேட்டதால்தான் பல வீடுகளுக்கு முதல் தொட்டி வந்தது.

நம் வாளிக்கு வருவோம். ஆலையிலிருந்து வரும் நீர் அளவுக்கு மீறித் தூய்மையானது. அப்படியே விட்டால் குழாய்களை அரிக்கும். எனவே சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் சேர்த்து, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். அது கட்டடத்தின் சேமிப்புத் தொட்டிக்கு வந்து, வெயிலில் காய்ந்து, நம் குழாயை அடைகிறது. ஜூலையில் துபாயில் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தால் கை சுடும். கீசரை அணைத்துவிட்டு, ஏ.சி. அறைக்குள் இருக்கும் அந்தக் கீசரில் ஆறிய நீரில் குளிப்பது இங்கே பல குடும்பங்கள் அறிந்த வழக்கம். குடிக்கவும் குளிக்கவும் இந்த நீர் நல்லதுதான். பவளத்துக்கு ஆகாது. குளோரின் இருக்கிறது, கட்டடக் குழாயின் செம்பு கலந்திருக்கலாம், நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் துளித்துளியாக வரலாம்.

அதனால் வீட்டிலும் ஓர் ஆர்.ஓ. கருவி. அதன் வாலில், மிஞ்சியதைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. என்ற பிசின் குழல். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டினால் நிம்மதி என்று நினைக்கிறோம். அங்கேதான் கவனம் வேண்டும். பிசின் தீரத் தொடங்கும்போது அதைவிட்டு முதலில் நழுவுவது சிலிக்கா. மின்னூட்டம் மிகக் குறைந்த பொருள் என்பதால் மின்கடத்தலை அளக்கும் மீட்டர் அதைக் கண்டுகொள்ளாது. மீட்டர் பூஜ்யம் காட்டும். தொட்டியின் தரை பழுப்பாகும். பாசிக் கவலையோடு வருபவர் யாரானாலும், பிசினைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

இப்படி எல்லாம் பிரித்தெடுத்த நீரில் மறுபடி உப்பைப் போடுகிறோம். சோடியம் குளோரைடு மட்டுமல்ல. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், கார்பனேட் எல்லாம் கடலின் விகிதத்தில் கலந்த வாளி உப்பு. லிட்டருக்கு 35 கிராம் வரை உப்பு ஏறி, 25 டிகிரியில் அடர்த்தி 1.026 காட்டினால் போதும். கரையில் கடல் இருக்க, உப்பை ஏன் கடல் கடந்து வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீரையே எடுத்து, ஐந்து பங்குக்கு ஒரு பங்கு நன்னீர் சேர்த்தால் 42 கிராம் 35க்கு இறங்கிவிடும், கணக்கு சரிதான். ஆனால் படகுத்துறைப் பக்கம் மொண்ட நீரோடு எண்ணெயும் கழிவும் 2008இன் வாரிசுகளும் சேர்ந்து வரும். வீட்டுத் தொட்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, ஜபல் அலியில் பெருஞ்செலவில் உப்பைப் பிரித்து, கூடத்தில் காசு கொடுத்து உப்பைச் சேர்த்து, நம் நீர் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. தெளிந்திருக்கிறது; ஆனால் உயிர் இல்லை. கல்லும் மணலும் வைத்து, பம்பு ஓடவிட்டு, கொஞ்சம் அம்மோனியா கிடைக்கும்படி செய்தால், பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகுகின்றன. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ‘உயிருள்ள பாறை’யே தொட்டியின் உண்மையான வடிகட்டி என்பதை 1961இல் எழுதி உலகுக்குச் சொன்னவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். இன்று பலரும் வாங்குவது காய்ந்த, வெள்ளை வெளேரென்ற பாறை. பார்க்க அழகு. ஆனால் அது காலி நிலம். யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குச் சொந்தம்.

முதலில் வருவது டயாட்டம். மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் பொடி தூவியது போலப் படரும். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர் அது. நீரிலும் மணலிலும் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் தானாகவே மங்கும். இந்த நேரத்தில்தான் மனிதர்கள் கடைக்கு ஓடுகிறார்கள். சத்வாவிலோ ஷார்ஜா பறவைச் சந்தையிலோ அனுபவமுள்ள கடைத் தம்பி என்றால், "அண்ணே, இது அக்லி ஸ்டேஜ், எல்லாத் தொட்டிக்கும் வரும். லைட்டைக் குறைச்சு வைங்க, மூணு வாரம் பொறுங்க" என்று சொல்லி வெறுங்கையோடு திருப்பி அனுப்புவார். அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள். பாட்டிலில் மருந்து விற்கும் கடைகளும் இருக்கின்றன. பாசிக்கொல்லி மருந்து பாசியைக் கொன்றால், செத்த பாசி அழுகி மறுபடி அதே உரமாகத்தான் நீரில் கரையும். சத்து தொட்டியை விட்டு வெளியேறவே இல்லையே!

பழுப்பு போனதும் பச்சை வரும். முதலில் கண்ணாடியில் மெல்லிய படலம். பிறகு பாறையில் மயிர் போல நீளும் பாசி. இப்போது கேட்க வேண்டியது, உணவு எவ்வளவு போடுகிறோம் என்பது. உறைந்த இறால் கட்டியை அப்படியே போட்டால் அதன் சாறெல்லாம் பாஸ்பேட்டாக நீரில் இறங்கும். வளைகுடா வாழ்க்கையில் இதற்கு ஒரு பருவமே உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, மீனுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்கிறோம். பாசமிகுதியில் அவர் தினமும் ஒரு பிடி போடுவார். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி புல்வெளி. ஒரு நாளைக்கு உரியதைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டுப் போவதுதான் தீர்வு. ஏ.சி.யை அணைக்காமல் போவதும் அதே அளவு முக்கியம்.

பச்சைப் பாசிக்கு வழிகள் தெளிவானவை. விளக்கு நாளுக்கு ஏழு, எட்டு மணி நேரம் போதும். கையால் பிடுங்கி, பிடுங்கியதை உறிஞ்சு குழாயால் வெளியே எடுக்க வேண்டும். ட்ரோக்கஸ், டர்போ நத்தைகள் மேய்ந்துகொண்டிருக்கட்டும். புரோட்டீன் ஸ்கிம்மர் நுரையோடு கழிவை வெளியே தள்ளும். இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, பாசியைப் பாசியாலேயே அடக்குவது. தொட்டிக்குக் கீழே தனிப் பெட்டியில் விளக்கு வைத்து கீட்டோமார்ஃபா என்ற பாசியை வளர்த்து, அவ்வப்போது ஒரு கைப்பிடி அறுத்தெறிகிறார்கள். அறுக்கும் ஒவ்வொரு பிடியோடும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வீட்டை விட்டுப் போகின்றன. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி பல ஆண்டுகள் பாசிப் படுகைகளால் பவளத்தொட்டிகளைச் சுத்தம் செய்து காட்டினார். பாசி பகை என்று நினைப்பவருக்கு இது புரியாது. எங்கே வளர வேண்டும் என்று நாம் இடம் காட்டாததால்தான் அது கண்ட இடத்தில் வளர்கிறது.

உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குப் பிறகு வருவது. பச்சையைக் கண்டு வெறுத்துப்போனவர் நீரைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறார், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு மணிகளைக் கொட்டுகிறார், மீனைப் பட்டினி போடுகிறார். சோதித்துப் பார்த்தால் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். மகிழ்ச்சி. ஒரு வாரத்தில் பாறையின் மேல் சளி போன்ற பழுப்பு இழைகள், நுனியில் காற்றுக்குமிழ்கள். விளக்கு அணைந்தால் மறைந்து, எரிந்தால் திரும்பும். இதுதான் டைனோ, அதாவது டைனோஃபிளாஜெலேட். பச்சைப் பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஓய்ந்த இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. சில வகைகளின் நஞ்சில் நத்தைகளே சாகும். 2008இல் கடலை நிறம் மாற்றியதும் இதே பெருங்கூட்டத்தின் உறுப்பினர்தான். இதற்கு மருந்து, நம்ப முடியாதபடி, தொட்டியைக் கொஞ்சம் அழுக்காக்குவது. நைட்ரேட் ஐந்து பி.பி.எம். அளவிலும், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரையிலும் நின்றால் மற்ற உயிர்கள் திரும்பி வந்து இடத்தைக் கைப்பற்றும். நீரில் பூஜ்யம் என்பது சாதனை இல்லை. கடலில்கூட முழுமையான பூஜ்யம் அரிது.

இதே டைனோஃபிளாஜெலேட் கூட்டத்தில் ஓர் உறவினர் நமக்கு வேண்டியவர். பவளத்தின் சதைக்குள் குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்து, பவளத்துக்கு ஊட்டும் பாசி அது. அது வெளியேறினால் பவளம் வெளுக்கிறது, திரும்பாவிட்டால் சாகிறது. மற்ற கடல்களின் பவளங்கள் தாங்காத 34, 35 டிகிரிக் கோடையை வளைகுடாப் பவளங்கள் பல தாங்குவதற்கு அவற்றுக்குள் வாழும் தனி வகைப் பாசி ஒரு காரணம் என்று 2015இல் அபுதாபியிலிருந்து ஆய்வாளர்கள் கண்டறிந்து, அந்த வகைக்கே வெப்பத்தை விரும்புவது என்ற பொருளில் தெர்மோஃபைலம் என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் எல்லை உண்டு. 2017 கோடையில் வெப்பம் அந்த எல்லையையும் மீற, அபுதாபி அருகே பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. கடலைக் கொல்லும் பாசி, தொட்டியைக் கெடுக்கும் பாசி, பவளத்தை வாழவைக்கும் பாசி: மூன்றும் ஒரே பெருங்கூட்டத்தின் கிளைகள். இதை அறிந்த பிறகு, பாசியே இல்லாத தொட்டி வேண்டும் என்று என்னால் கேட்க முடியவில்லை. ஆறேழு மாதத்தில் பாறையின் மீது இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்புப் பூச்சு படரத் தொடங்கும். அதுவும் பாசிதான், கோரலின் என்று பெயர். அது வந்துவிட்டால் தொட்டி நிலைபெற்றுவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

நீரின் பயணம் தொட்டியோடு முடிவதில்லை. வாரம் பத்து சதவீதம் மாற்றும்போது பழைய உப்புநீர் கழிவறை வழியே போகிறது. துபாயில் அது கழிவுநீர் நிலையத்தில் சுத்தமாகி, சாலையோரப் பேரீச்சை மரங்களுக்கும் புல்வெளிக்கும் பாய்கிறது. ஒரு வீட்டுத் தொட்டியின் உப்பு அந்தப் பெருவெள்ளத்தில் ஒன்றுமில்லை. கடலுக்கு நேரே போகும் வழியில்தான் ஆபத்து. வேலை மாறி ஊர் திரும்புகிறவர்கள், தொட்டியை விற்க முடியாமல், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று மீனையும் பாறையையும் பாசியையும் க்ரீக்கிலோ கடற்கரையிலோ விட்டுவிடுகிறார்கள். மனம் இளகித்தான் செய்கிறார்கள். விளைவு கொடியது.

மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே 1984இல் ஒரு சதுர மீட்டர் அளவில் காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற பச்சைப் பாசி தென்பட்டது. தொட்டி அழகுக்காக வளர்த்த வகை அது. இருபது ஆண்டுக்குள் மத்தியதரைக் கடலின் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கடலடியில் பரவிவிட்டது. 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் அதே வகை தென்பட்டபோது, தார்ப்பாய் விரித்துக் குளோரின் செலுத்தி, ஆறு ஆண்டுகளில் 70 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துத்தான் ஒழிக்க முடிந்தது. நம் மன்னார் வளைகுடாவை ஒட்டிய மண்டபம் பக்கம் வருமானத்துக்காகக் கொண்டுவந்து வளர்த்த காப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் ஏறிப் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள்.

எனவே, ஊர் திரும்பும் நண்பர்களே, மீனைக் கடைக்கோ இன்னொரு வளர்ப்பாளருக்கோ கொடுங்கள். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பிடுங்கிய பாசியை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அல்லது ஃப்ரீசரில் உறையவைத்துக் குப்பையில் போடுங்கள். பாறையையும் அப்படியே காயவையுங்கள். தொட்டி நீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். ஒரு துண்டுப் பாசிகூட உங்கள் கையிலிருந்து வளைகுடாக் கடலுக்குப் போக வேண்டாம்.